ஜீப் வருது

எங்கட ஊரில் எல்லாமே ஜீப்தான். வில்லிஸ் கொம்பனி செய்ததும் ஜீப், இங்கிலாந்திலிருந்து வந்த லான்ட்ரோவரும் ஜீப், இந்திய இராணுவம் கொண்டுவந்து இறக்கிய ஜோங்காவும் ஜீப். சதுர முகம், உயரமான சில்லு, பின்னுக்குக் கன்வஸ் போட்ட கூடு. அவ்வளவுதான் இலக்கணம். "ஜீப் வருது" என்று யாராவது ஒழுங்கைக்குள் ஓடிவந்து சொன்னால், எந்த மொடல், எந்த வருசம் என்று ஒருவரும் கேட்பதில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் பாய்வதுதான் முதல் வேலை. தமிழ்ப் படங்களில் எல்லாம் முடிந்த பிறகு கடைசிச் சீனில் ஜீப்பில் வந்து இறங்குகிற பொலிசைப் பார்த்து இந்தியாக்காரர் சிரிப்பார்கள். எங்களுக்கு அது முதல் சீன்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த ஒருவன், அதுவும் உணவகச் சமையலறையில் நின்று உழைக்கிறவன், ஏழாயிரம் டொலர் கொடுத்து 1967ம் ஆண்டு லான்ட்ரோவர் ஒன்றை வாங்கினால் (ஓடாது, இன்னொரு வாகனத்தில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம்) சனம் என்ன கேட்கும்? "உனக்கென்ன விசரே?" என்றுதான் கேட்கும். கேட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவனுக்குப் படிப்பு ஆசை இப்படித்தான் வெளியில் வருகிறது.

முதலில் ஜீப். 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 கொம்பனிகளுக்குக் கடிதம் எழுதியது: நாலு சில்லும் இழுக்கிற ஒரு சின்ன வாகனம் வேண்டும், முதல் வண்டியை 49 நாளில் தரவேண்டும் என்று. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் நொடிந்துபோய்க் கிடந்த பான்டம் என்ற சின்னக் கொம்பனிதான் அந்தத் தவணைக்குள் வண்டியைக் கொடுத்தது. படம் வரைந்தவர் கார்ல் புரொப்ஸ்ட். ஆனால் பெரிய தொகையில் செய்ய பான்டமால் முடியாது என்று சொல்லி, இராணுவம் அந்த வரைபடத்தை வில்லிசுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டது. போர் முடியும்போது ஆறு இலட்சத்துக்கு மேல் ஜீப்புகள் செய்யப்பட்டிருந்தன. பான்டம் செய்தது மூவாயிரமும் வராது. மிச்சப் போர்க்காலம் முழுக்க அது ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ட்ரெயிலர் செய்தது. கண்டுபிடித்தவன் ட்ரெயிலர் செய்ய, காசுள்ளவன் பெயர் எடுத்தான். புதிய கதை இல்லைத்தானே.

கனடாவுக்கும் இதில் பங்கு உண்டு என்பது இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளுக்கே தெரியாது. இரண்டாம் உலகப்போரில் கனடா எட்டு இலட்சத்துக்கு மேல் இராணுவ வாகனம் செய்தது. அதில் ஏறக்குறைய பாதி, சப்பை மூக்குள்ள, கனேடிய இராணுவ மாதிரி என்று பெயர் வைத்த லொறிகள். விண்ட்சரில் ஃபோர்டும் ஓஷவாவில் ஜெனரல் மோட்டர்சும் செய்தன. ஆம், இப்போது ஸ்காபரோவில் விலை கட்டாமல் எங்கட ஆட்கள் வீடு தேடிப் போகிற அதே ஓஷவாதான். பிரித்தானியப் பேரரசின் படைகளுக்காகச் செய்ததால் பெரும்பாலும் வலப்பக்கம் ஸ்டியறிங். போருக்குப் பிறகு 1952ல் விண்ட்சர் ஃபோர்டிலேயே கனேடிய இராணுவத்துக்கு எம்38 ஜீப்புகளும் செய்தார்கள். ஒண்ராறியோவின் கிராமப்புறக் களஞ்சியங்களில் இன்றைக்கும் அவை அகப்படும்.

சொல்லாமல் போக மனம் வரவில்லை, ஒரு கிளைக்கதை. 1942 ஏப்ரல் 4ம் திகதி, தென்னிலங்கையில் கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் கிளம்பி, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பான் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி. ஒண்ராறியோ சென்ற் கத்தரின்சில் பிறந்தவர். அடுத்த நாள் கொழும்பிலும் 9ம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது, ஆனால் ஆட்கள் ஆயத்தமாக இருந்தார்கள். அவரைச் சுட்டு வீழ்த்திப் பிடித்துப் போர் முடியும்வரை சிறையில் வைத்திருந்தது ஜப்பான். 2004ல்தான் இறந்தார். இலங்கைக்கும் கனடாவுக்கும் தொடர்பு எங்களோடுதான் தொடங்கியது என்று நினைக்கிற ஆட்களுக்காக இதைச் சொன்னேன்.

சரி, லான்ட்ரோவர். போர் முடிந்தபோது பிரித்தானியா வென்ற நாடு, ஆனால் வெறுங்கை. இரும்புக்குப் பங்கீடு. ஏற்றுமதி செய்கிற கொம்பனிக்குத்தான் இரும்பு. சொகுசுக் கார் செய்துவந்த ரோவர் கொம்பனிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதன் தலைமைப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்சுக்கு வேல்சில் ஆங்கில்சி தீவில் ஒரு தோட்டம் இருந்தது. அங்கே இராணுவம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அது பழுதாகிப்போனால் அதற்குப் பதில் எதை வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லான்ட்ரோவர். 1947ல் செய்த முதல் மாதிரி வண்டிக்கு ஜீப்பின் சட்டகத்தையே போட்டார்கள், உழவு இயந்திரம் மாதிரி ஸ்டியறிங்கை நடுவில் வைத்தார்கள். உடம்புக்கு இரும்பு கிடைக்காததால் அலுமினியக் கலவைத் தகடு. வளைவு நெளிவுக்கு அச்சு செய்யக் காசில்லாததால் தட்டையான தகடுகள். பெயின்ற் கூட, விமானங்களின் உட்புறத்துக்கு அடித்து மிஞ்சிக் கிடந்த இளம் பச்சை என்று சொல்வார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க "அழகு" என்று கொண்டாடுகிற அந்தச் சதுர உருவம் முழுக்க முழுக்கத் தட்டுப்பாட்டின் உருவம்.

1948 ஏப்ரல் 30ம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். விலை 450 பவுண். எண்பது அங்குல நீளச் சில்லிடை. நெல் சூடடிக்கிற இயந்திரம், மரம் அரிகிற வாள் எல்லாவற்றையும் அதன் எஞ்சினோடு பொருத்தி ஓட்டலாம். கொஞ்ச வருசத்துக்குத் தாக்குப்பிடிக்கச் செய்த வண்டி, கொம்பனியின் கார்களை விடக் கூடுதலாக விற்றது. 1976ல் பத்து இலட்சமாவது வண்டி வெளியே வந்தது. அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29ல்.

1948 என்றால் உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வருகிறதா? பெப்ரவரி 4ல் எங்களுக்குச் "சுதந்திரம்". அதே வருசம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. அந்த மலைகளுக்குத்தான் லான்ட்ரோவர்கள் போய்ச் சேர்ந்தன, தோட்டத்துரைமாரின் வண்டியாக. கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு மேலே றோட்டில் கேட்கிற அந்தச் சத்தம் துரையின் சத்தம். எங்களுக்கு ஜீப் என்றால் ஆமி என்ற மாதிரி அவர்களுக்கு ஜீப் என்றால் துரை. வடக்கிலும் வன்னியிலும் அது அரசாங்கத்தின் வண்டி: அரச அதிபர், நீர்ப்பாசனம், பொலிஸ். சாதாரண சனம் ஏறிப் போகிற வண்டியாக அது எங்கள் ஊரில் இருந்ததே இல்லை. ஏற்றிக்கொண்டு போகப்படுகிற வண்டியாகத்தான் இருந்தது.

1983 ஜூலை 23 இரவு, பலாலி வீதியில் திருநெல்வேலியில் கண்ணிவெடியில் அகப்பட்ட ரோந்து அணியிலும் முன்னுக்கு வந்தது ஒரு ஜீப், பின்னுக்கு ஒரு ட்ரக். 13 இராணுவத்தினர் செத்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பிலும் மற்ற இடங்களிலும் நடந்தது எல்லோருக்கும் தெரியும், இங்கே அதை எழுதப்போவதில்லை. வாகனக் கண்ணால் பார்த்தால், அடிப்பக்கம் திறந்த ஜீப்பில் யாழ்ப்பாண றோட்டில் ரோந்து போன காலம் அதன் பிறகு மெல்ல மெல்ல முடிந்தது. தென்னாபிரிக்காவிலிருந்து அடி வளைந்த, உயரமான பஃபல் வந்தது. எங்கட பத்திரிகைகள் அதற்கு "பவள்" என்று பெயர் வைத்தன. நல்ல தமிழ்ப்பெயர் மாதிரி இருக்கும், வந்தால்தான் தெரியும்.

1987ல் எனக்கு ஒன்பது வயது. இந்திய அமைதிப்படையோடு ஜோங்கா வந்தது. நிசான் பற்றோலின் பழைய மொடலை உரிமம் வாங்கி ஜபல்பூர் இராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்தார்கள். ஆறு சிலிண்டர், நாலு லீற்றர் பெற்றோல் எஞ்சின். ஒக்டோபர் வரைக்கும் நாங்கள் அதற்குக் கை காட்டினோம், அவர்கள் பிஸ்கற் தந்தார்கள். ஒக்டோபர் 10க்குப் பிறகு அதே சத்தத்துக்குப் பங்கருக்குள் இருந்தோம். 2019ல் கிரிக்கெற் வீரர் தோனி ஒரு பழைய ஜோங்காவை வாங்கித் திருத்தி ராஞ்சியில் ஓட்டினார் என்று படம் வந்தபோது இளம் பெடியள் எல்லாம் அதற்கு விசிலடித்தார்கள். அழகான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முகப்பைப் பார்த்தவுடன் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. ஒரு இரும்புக்கு இரண்டு ஞாபகம் இருக்க முடியும்.

இனி நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். பழைய வாகனத்தைத் திருத்துவது என்றால் உலகத்துக்குப் பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்துக்கு அது சாப்பாடு.

1970 தொடக்கம் 77 வரை அம்மையாரின் ஆட்சியில் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் கனவிலும் இல்லை. அதனால் ஐம்பதுகளில் வந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் எல்லாம் கிழவியாகாமல் வைத்திருக்கப் பழகிக்கொண்டோம். 1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கிப் பொருளாதாரத் தடை இறுகியபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. பெற்றோல் இல்லை. பற்றறி இல்லை. உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் எப்படியோ கிடைத்தது, அதுவும் கூப்பனுக்கும் கறுப்புச் சந்தைக்கும் நடுவில்.

எங்கள் ஊரில் கறாச் வைத்திருந்த ஒரு அண்ணை எனக்கு இதை விளங்கப்படுத்தினார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்ரார்ட் ஆகாது. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து குழாய் காபரேற்றருக்கு. நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பற்ற வைக்கிற நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் "டக் டக்" என்று அடிக்கும். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும், அதனால் ஒயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். புகை வெள்ளையாய் வரும், கண் எரியும், கலியாண வீட்டுக்குப் போனால் பட்டுச் சேலையிலும் குப்பி விளக்கு மணம்தான்.

கவனியுங்கள், இதில் பழசுக்குத்தான் மரியாதை. ஏ40 போன்ற ஐம்பதுகளின் எஞ்சின்களுக்கு அமுக்க விகிதம் குறைவு, ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில். அதனால் மண்ணெண்ணெயைச் சகித்தன. எண்பதுகளின் ஜப்பான் கார்கள் அதைவிட இறுக்கமாக அமுக்குகிறவை, இருமி இருமி நின்றன. புதுக் கார் வைத்திருந்த வெளிநாட்டுக் காசுக்காரர் சைக்கிளில் போக, கிழட்டு சோமசெற் சைலன்சரில் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும். அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

பிறகு ரொறன்ரோ வந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, இங்கிலாந்து விவசாயிகளும் இதையேதான் செய்திருக்கிறார்கள். பேர்கசன் உழவு இயந்திரத்தில் இதற்கென்றே ஒரு மொடல் இருந்தது. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை மலிவு எண்ணெய்க்கு மாற்றுவது. அங்கே கொம்பனி செய்து கொடுத்தது. எங்கள் அண்ணை அந்தப் புத்தகத்தைக் கண்ணாலும் காணாமல் வேப்பமரத்துக்குக் கீழே செய்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு, முழு வலிகாமமும் செம்மணி வெளியால் நாவற்குழிப் பக்கம் ஊர்ந்தபோது, அவர் எழுப்பிவிட்ட வண்டிகள் பல அந்தச் சனத்துக்குள் வயதுபோனவர்களை ஏற்றிக்கொண்டு போயின. அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. அண்ணையும் இப்போது இல்லை. எனக்கு ஒரு சுத்தியலும் ஸ்பானரும் பிடிக்கத் தெரியும் என்றால் அது அவருடைய கறாச்சில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நின்றதால்தான்.

இதே மாதிரி இன்னொரு இடம் இந்தியாவில் இருக்கிறது. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து சந்தக்பூ மலைக்கு 31 கிலோமீற்றர் கல்றோட்டு, உச்சி 3,636 மீற்றர். அந்தப் பாதையில் ஐம்பதுகளின் லான்ட்ரோவர்கள் ஆளையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு பரம்பரை பரம்பரையாக ஓடியிருக்கின்றன. 2018ல் லான்ட்ரோவரின் 70வது வருசத்துக்குக் கொம்பனிக்காரரே போய்ப் படம் எடுத்தார்கள். அந்தச் சாரதிமாரிடம் "உங்கள் பொழுதுபோக்கு என்ன" என்று கேட்டுப் பாருங்கள், பிடரியில் போடுவார்கள்.

என்னுடைய வண்டிக்கு வருவோம். சீரீஸ் 2ஏ, 88 அங்குலம், 2.25 லீற்றர் பெற்றோல். சட்டக இலக்கம் 244 என்று தொடங்குகிறது. அப்படியென்றால் இடப்பக்கம் ஸ்டியறிங் வைத்து ஏற்றுமதிக்குச் செய்தது. வலப்பக்கம் வைத்து ஏற்றுமதியானவை 242. ஒரே தொழிற்சாலை, ஒரே வருசம், இரண்டு இலக்கம் வித்தியாசத்தில் ஒன்று ஒண்ராறியோவுக்குப் பனி தள்ள வந்திருக்கிறது.

அலுமினிய உடம்பு கறள் பிடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை பாதி. அலுமினியம் இரும்பைத் தொடுகிற இடத்தில் உப்புத்தண்ணி பட்டால் பற்றறி மாதிரி வேலை நடக்கும், அலுமினியம் வெள்ளை மாவாய்க் கொட்டும். சட்டகமும் முன்சுவரும் இரும்புதான். ரொறன்ரோ மாநகரம் ஒவ்வொரு மாரிக்கும் ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல் உப்பை றோட்டில் கொட்டுகிறது. ஒண்ராறியோவின் கொடெரிச்சில், ஹூரோன் ஏரிக்குக் கீழே, உலகத்திலேயே பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஆனையிறவில் உப்பு விளைந்து சாப்பாட்டுக்கு வந்தது, இங்கே உப்பு வந்து வண்டியைச் சாப்பிடுகிறது. என் வண்டியின் கால் வைக்கிற தட்டை ஸ்பானரால் தட்டினேன், ஸ்பானர் கீழே நிலத்தில் கிடந்தது.

ஸ்டூவ்வில் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பாதி இடம் வாடகைக்கு. திங்கட்கிழமை உணவகம் பூட்டு, அன்றைக்குத்தான் எனக்குக் கறாச். முன்சுவரை வெட்டிப் புதுத் தகடு ஒட்டினோம் (வெல்டிங் ஒரு தமிழ்த் தம்பி, நான் பிடிக்கிற ஆள்). சட்டகத்தின் பின்குறுக்கு முழுதும் மாற்றம். பிறேக் பைப் எல்லாம் புதிது. கியர்ப்பெட்டியில் முதலாம் இரண்டாம் கியருக்கு ஒத்திசைவு இல்லை, கிளச்சை இரண்டு தரம் மிதித்துத்தான் இறக்க வேண்டும். ஏ40 ஓட்டிப் பழகின கால் அதை மறக்கவில்லை.

எவ்வளவு திருத்துவது என்பதில் இந்த உலகத்தில் பெரிய சண்டை இருக்கிறது. 1955-56ல் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிறிட்ஜ் மாணவர்கள் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஓட்டிப்போன இரண்டு லான்ட்ரோவரில் ஒன்று பின்னாளில் சென்ற் ஹெலினா தீவில் சிதைந்து கிடந்து, 2017ல் இங்கிலாந்துக்குத் திரும்பிவந்தது. அதைப் புதுசு மாதிரி மினுக்காமல், அடிபட்ட தகடுகளை அப்படியே வைத்துத் திருத்தி, 2019ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓட்டினார்கள். என் கட்சி அதுதான். நெளிவைத் தட்டி எடுத்தால் அந்த வண்டி எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. அகதி விசாரணையில் நாங்கள் எல்லோரும் தழும்பைக் காட்டினவர்கள்தானே.

நிறத்தில்தான் பிரச்சினை வந்தது. கதவு உட்புறத்தில் சுரண்டிப் பார்த்தால் அசல் நிறம் வெண்கலப் பச்சை. விதிப்படி அதைத்தான் அடிக்க வேண்டும். அம்மா ஒரு ஞாயிறு வந்து பார்த்தா. சுற்றி நடந்தா, சீற்றைத் தொட்டா, ஏறச் சொன்னால் ஏறவில்லை. "நல்லாய்த்தான் இருக்கு தம்பி. உந்தப் பச்சை மட்டும் வேண்டாம்" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அறுபதுகளில் கொம்பனி கடல் நீலமும் அடித்து விற்றது, கூரைக்கும் சில்லுக்கும் பழுப்பு வெள்ளை. அதை வாங்கி வைத்திருக்கிறேன். கதவின் உட்புறத்தில் மட்டும் ஒரு சாண் பச்சையை விட்டுவைப்பதாக முடிவு.

இனிப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 30 வயது தாண்டிய வாகனத்துக்கு ஒண்ராறியோ சரித்திர வாகனம் என்று தனி இலக்கத்தகடு தருகிறது. மலிவு, ஆனால் கண்காட்சி, ஊர்வலம், திருத்தி ஓட்டிப்பார்ப்பது போன்றவைக்கு மட்டும்தான். மரக்கறி வாங்கப் போக ஏலாது. அதனால் சாதாரணத் தகடுதான் எடுக்கப்போகிறேன்.

வெல்டிங் செய்த தம்பி இங்கே பிறந்தவன். மண்ணெண்ணெய்க் கதையை நம்பவில்லை. "அண்ணை, இந்த எஞ்சின் அதில ஓடுமா?" என்று கேட்டான். கைநூலை எடுத்து அவனுக்குக் காட்டினேன்: அமுக்க விகிதம் 7:1. வருகிற திங்கள் ஒரு சின்னப் போத்தலும் குழாயும் கொண்டுபோகிறேன்.